ஆறு இட்லிக்கு இரண்டு மதிப்பெண்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தேர்வு எழுதப்போகும் ஆறு சீனப் பொறியாளர்களுக்கும் அனுப்பிய படிவத்தில் 'இனிஷியல்' என்ற கட்டத்தை எடுக்காமல் விட்டுவிட்டேன். சிம்மக்கல்லில் எங்கள் மாலை ஆங்கில வகுப்பில் சேர வருகிற எல்லோருக்கும் கொடுக்கிற அதே படிவம்தான். ஐந்து பேர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். குவோ ஷுமின் என்பவர் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். நான் உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் அப்பா பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அப்பா இல்லை. போய் இருபது வருடம்," என்றார். பிறகு தயங்கி, "அவருக்கும் பரீட்சையா?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். தேர்வு நடத்துகிறவளே முதல் கேள்வியைத் தப்பாகக் கேட்டால் எப்படி?

இந்தத் தேர்வு எங்களிடம் வந்த கதையையும் எழுதி வைக்கிறேன். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த புது இயந்திரத்தைப் பொருத்த இந்த ஆறு பேரும் எட்டு மாதமாக அங்கே இருக்கிறார்கள். பொருத்தும் வேலை முடிந்துவிட்டது. இனி அதை ஓட்டிக் காட்டி நம் ஆட்களைப் பழக்க வேண்டும். அதற்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கலாம் என்று சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகம் திடீரென்று ஒரு விதி போட்டுவிட்டது. நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். குறைந்தால் அடுத்த வாரமே ஊருக்கு விமானம்.

அந்தத் தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி சிவபாண்டி அண்ணன் எங்களிடம் படித்தவர். அதனால் தேர்வை, வகுப்பை நடத்தும் சாய்ராம் சாரிடம் கொண்டுவந்தார். சாய்ராம் சார் அன்று மாலையே வகுப்பின் பெயர்ப்பலகைக்குக் கீழே 'சர்வதேசத் தேர்வு மையம்' என்று ஒரு வரி எழுதவைத்துவிட்டார். கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் பகலில் ஒரு சாக்கு, கயிறு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு இதே வகுப்பில் மாணவியாகச் சேர்ந்து, இப்போது பாடம் எடுக்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. என் மாணவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதி.

நவம்பர் 5, புதன்

சொற்களுக்கு ஐம்பது மதிப்பெண். வாசித்துப் புரிந்துகொள்வதற்கு ஐம்பது. சொற்கள் ஐம்பதையும் தொழிற்சாலையில் பயன்படுகிறவையாகப் பார்த்து எடுத்திருந்தேன். ஷிஃப்ட், பெல்ட், ஸ்பேர், டார்ப்பாலின் என்று வரிசையாக எழுதியிருந்தேன். சாய்ராம் சார் பட்டியலை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன மீனா, பட்டறைக்குச் சாமான் வாங்குற சீட்டு மாதிரி இருக்கு? நாலு பேர் பாத்தா நம்ம தரம் என்னாகுறது?"

பத்துச் சொற்களை அடித்துவிட்டு, தனக்குப் பிடித்த பத்தைப் போட்டார். அதில் 'மேக்னானிமஸ்' என்று ஒன்று. பெருந்தன்மையான என்று பொருள்.

"சார், மெஷின் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இது எதுக்கு?"

"ஒருத்தன் தெரியாம ஸ்விட்சைப் போட்டுட்டா மன்னிக்க வேண்டாமா?"

மேக்னானிமஸையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

வாசிப்புப் பத்திகளை முழுக்க நானே எழுதினேன். அதில் ஒன்று எனக்கே பிடித்திருந்தது. கதிர் என்பவன் காலையில் நண்பன் வீட்டுக்குப் போகிறான். நண்பனின் அம்மா அவன் தட்டில் நான்கு இட்லி வைக்கிறார். அவன் சாப்பிட்டு முடித்து, போதும் என்கிறான். அம்மா சிரிக்கிறார். அவன் கை கழுவிவிட்டு அலுவலகம் போகிறான். கதிர் எத்தனை இட்லி சாப்பிட்டான் என்பது கேள்வி. இரண்டு மதிப்பெண்.

விடைக்குறிப்பில் 'ஆறு' என்று எழுதினேன். மூன்று முறை சரிபார்த்தேன். சாய்ராம் சார் ஒருமுறை பார்த்தார். சாயங்காலம் தாளை வாங்க வந்த சிவபாண்டி அண்ணனும் ஒருமுறை பார்த்து, "அருமையா இருக்கு மீனா. பசிக்குது," என்றார்.

நவம்பர் 6, வியாழன்

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து ஏழு மணி பேருந்தில் போனேன். தேர்வு நடந்தது தொழிற்சாலை கேன்டீனில். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். கேன்டீன் மாஸ்டர் பேயாண்டி அண்ணனை வெளியே நிற்கச் சொன்னேன்.

"பாப்பா, வெறும் வயித்துல எப்பிடி எழுதுவாக? ஒரு ரவுண்டு வடை மட்டும் குடுத்துட்டு வாரேன்."

"பரீட்சை நேரத்துல யாரும் உள்ள வரக்கூடாதுண்ணே."

"நான் யாருத்தா? நான் பேயாண்டி."

வடை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஆறு பேரில் லின் என்ற பெண் முப்பது வயதுக்குள் இருப்பார். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். மேக்னானிமஸுக்கு ஒரு பொருள் கேட்டால் மூன்று எழுதியிருந்தார். டார்ப்பாலின் மட்டும் தெரியவில்லை. குவோ அவர்களுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய வாசித்தார். டார்ப்பாலினைப் பார்த்ததும் ஜன்னலுக்கு வெளியே லாரியை மூடியிருந்த தார்ப்பாயைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். தலையாட்டியிருந்தால் அது உதவி செய்ததாக ஆகியிருக்கும்.

வெளியே சிவபாண்டி அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மீனா, குவோ சார் தேறிருவாரா? மெஷின்ல ஒரு பித்தளைத் தகடு இருக்கு பாரு. மொதமொதல்ல ஓட்டிக் காட்டுற இன்ஜினியர் பேரை அதுல வெட்டுவாக. அது அவுக கம்பெனி வழக்கம். மனுசனுக்கு இதான் கடைசி மெஷின், ஊருக்குப் போனா ரிட்டையர்மென்ட். அறுபதுக்குக் கீழ எடுத்தார்னா வேலையில அவருக்கு அடுத்தபடியா இருக்குற அந்தப் பொண்ணு லின் பேரு வந்துரும்."

"லினுக்கு அது தெரியுமாண்ணே?"

"அதுக்கு மார்க்கைத் தவிர வேற என்ன தெரியும்?"

நான் போய்த் தகட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுதான். வெறுமையாக இருந்தது. அடிக்கடி துடைக்கிறார்கள் போல, என் முகம் தெரிந்தது.

நவம்பர் 7, வெள்ளி

திருத்தினேன். லின் 97. மற்ற நான்கு பேரும் எழுபதுக்கு மேல். குவோ 60.

ஐந்து முறை கூட்டிப் பார்த்தேன். அறுபதுதான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இட்லிக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர் ஆறு பேரில் அவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரும் 'நான்கு' என்று எழுதியிருந்தார்கள். குவோ கணக்கே போட்டிருந்தார்: நான்கு கூட்டல் இரண்டு ஆறு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், 'போதும் என்றால் இரண்டு. மிஸ்டர் பேயாண்டி.' எட்டு மாதமாகத் தினமும் கேன்டீனில் சாப்பிடுகிறவர் அவர் மட்டும்தான். மற்றவர்கள் அறையில் சமைத்துக்கொள்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே இரண்டு மதிப்பெண் போட்டேன்.

மதியம் மதிப்பெண்களை சிவபாண்டி அண்ணனுக்கும், விடைக்குறிப்பைத் தேர்வு எழுதிய ஆறு பேருக்கும் அனுப்பினேன். நான்கு மணிக்கு லினிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. வணக்கம், நன்றி எல்லாம் முறைப்படி இருந்தது. கடைசியில், 'இது என் எழுத்துபூர்வமான முறையீடு. பத்தியில் அந்த இரண்டு இட்லி எங்கே இருக்கிறது?'

சிரித்தபடியே தாளை எடுத்தேன். வாசித்தேன். மறுபடி வாசித்தேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

இல்லை. எங்கேயும் இல்லை.

வகுப்புக்கு ஓடி, சாய்ராம் சாரிடம் தாளை நீட்டினேன்.

"சார், இதைப் படிச்சுட்டுச் சொல்லுங்க. கதிர் எத்தனை இட்லி சாப்பிட்டான்?"

"ஆறு."

"எங்க சார் எழுதியிருக்கு?"

"அதான் அந்தம்மா சிரிச்சான்னு போட்டிருக்கியே."

"சிரிச்சதுதான் இருக்கு. வச்சதா இல்லையே."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார். "சிரிச்சுட்டு வைக்காம இருப்பாளா? என்ன மாதிரி வீடு அது?" என்றவர், மெல்ல உட்கார்ந்தார். "மீனா... இதுல நாலுதான்டி இருக்கு."

மூன்று பேர் சரிபார்த்தோம். மூன்று பேரும் இல்லாத இட்லியைச் சாப்பிட்டிருக்கிறோம். ஆக, லின் சொல்வதுதான் சரி. குவோ எழுதியது தப்பு. அவருடைய மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

நவம்பர் 8, சனி

இன்று கேன்டீனிலேயே பேசினோம். நானும் சாய்ராம் சாரும் ஒரு பக்கம், சிவபாண்டி அண்ணனும் லினும் எதிரே. லின் பேசியதும் நாங்கள் அவரிடம் பேசியதும் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சாய்ராம் சார் முதலில் ஆரம்பித்தார். "ரெண்டு விடையும் சரின்னு போட்டுடுவோம். எல்லாருக்கும் ரெண்டு மார்க். யாருக்கும் வருத்தமில்ல."

எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. என் தவறும் அதோடு மறைந்துவிடும். ஆனால் சிவபாண்டி அண்ணன் தலையை ஆட்டினார். "சார், தாளெல்லாம் சென்னைக்குப் போகுது. அங்க ஒருத்தர் மறுபடி திருத்துவாரு. பத்தியில இல்லாத இட்லிக்கு எதுக்கு மார்க்குன்னு கேட்டா, பேயாண்டி வச்சாருன்னா சொல்லுவீக? பரீட்சை மொத்தமும் செல்லாதுன்னு சொல்லிட்டா ஆறு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

சிவபாண்டி அண்ணன் வாயிலிருந்து பெயர் வந்ததும் பேயாண்டி அண்ணனே வந்துவிட்டார்.

"என்னண்ணே, என்னையச் சொன்னீகளா?"

"யோவ், ஒருத்தர் போதும்னா எத்தனை இட்லி வைப்ப?"

"ஆளைப் பொறுத்துண்ணே. மூஞ்சி வாடியிருந்தா மூணு. சும்மா வெக்கப்பட்டுச் சொன்னா ரெண்டு. குவோ சாருக்கு எப்பவும் ரெண்டு. ஏன், பத்தலைன்னு சொன்னாரா?"

ஆக, என் 'ஆறு' அந்த வழக்கப்படியும் உறுதியில்லை. ஏழாகவும் இருக்கலாம். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

லின் இவ்வளவு நேரமும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் முறையீடு சரிதானே? என் மதிப்பெண் தொண்ணூற்றொன்பது ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆகும்," என்றேன். "குவோ அவர்களுடையது ஐம்பத்தெட்டு ஆகும்."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. "நான் தொண்ணூற்றேழோடு திருப்தியாக இருக்கிறேன்," என்று அவசரமாகச் சொன்னார். "இட்லி ஆறுதான். நான் நன்றாக யோசித்துவிட்டேன். அந்த அம்மாவின் சிரிப்பைச் சரியாகக் கவனிக்கவில்லை."

"நாலுதான் லின். நீங்க சொன்னதுதான் சரி."

"எனக்கு ஆங்கிலம் அவ்வளவு நன்றாக வராது," என்றார் லின், பிழையே இல்லாத ஆங்கிலத்தில். "ஆறு வருடம் முன்பு எனக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தத் தகட்டில் என் பெயர் வந்தால் நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்? முறையீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

சிவபாண்டி அண்ணன் விதித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "வாங்க முடியாதும்மா. எழுத்துல வந்தா வந்ததுதான்," என்றார். உடனே, "இருங்க இருங்க," என்று விரலை ஒரு வரியில் வைத்தார். "ஒரு கேள்வி பத்தி எழுத்துல முறையீடு வந்தா, அந்தக் கேள்வியை எடுத்துட்டு, அதே மார்க்குக்கு வேற கேள்வி எல்லாருக்கும் கொடுக்கணும்னு போட்டிருக்கு. பட்டியல் திங்கக்கிழமை போகணும்."

"அப்ப நாளைக்கே," என்றார் சாய்ராம் சார். "மீனா, குவோ சாருக்கு ஏத்த மாதிரி சுலபமா ஒண்ணு..."

"முடியாது சார்."

நான் இப்படிச் சட்டென்று சொன்னதில் எனக்கே பயமாகிவிட்டது. சார் என்னைப் பார்த்தார். "ஏற்கெனவே ஒரு தடவை நான் தாளுல இல்லாததை எழுதவச்சேன். இப்ப அவருக்குன்னு எழுதினா அதுவும் தப்புதான்," என்றேன். "சரி, பொதுவாவே எழுது," என்றார் சார். பேயாண்டி அண்ணன் எனக்கு ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பதினொரு பத்திகள் எழுதி, பதினொன்றையும் கிழித்தேன். சாப்பாடு வேண்டாம், விருந்தாளி வேண்டாம், சிரிப்பு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். பன்னிரண்டாவது இது: ஃபிட்டர் ஒருவர் காலை பத்து மணிக்கு ஸ்டோருக்குப் போய் ஒரு பேரிங் கேட்டார். ஸ்டோர்காரர் பத்து நிமிடத்தில் தருவதாகச் சொன்னார். சொன்னபடியே தந்தார். ஃபிட்டர் அதைப் பொருத்தப் பத்து நிமிடம் ஆனது. வேலை எப்போது முடிந்தது?

பத்து இருபது. இதில் யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று நினைத்தேன். இருந்தாலும் தொலைபேசியில் சாய்ராம் சாரிடம் வாசித்துக் காட்டினேன்.

"பத்து நிமிஷம்னு எந்த ஸ்டோர்ல தர்றான்?" என்றார் சார்.

"சார், தாள்ல இருக்கிறது மட்டும்."

"ஓ, தாள்லயா? அப்ப பத்து இருபது."

நவம்பர் 9, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அதே கேன்டீன். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். குவோ சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தாளைக் கையில் வாங்கியவர், அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்று பேயாண்டி வேண்டாம்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"வேண்டாம் சார். தாள் மட்டும்."

சொன்ன பிறகுதான், இது ஒருவருக்கு மட்டும் செய்த உதவியோ என்று உறுத்தியது. உடனே எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் இரண்டு முறை சொன்னேன். "விடை தாளில் மட்டும் இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம்." நான்கு பேர் தலையாட்டினார்கள். லின் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

லின் இரண்டு நிமிடத்தில் முடித்தார். மற்ற நான்கு பேருக்கு ஐந்து நிமிடம் ஆனது. குவோவுக்கு விதிப்படி இருபது நிமிடம் இருந்தது. அவர் இருபதையும் எடுத்துக்கொண்டார். விரல் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரைக்கும் போகும். பிறகு மறுபடி முதல் வரிக்கு வரும். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. 'சொன்னபடியே' என்ற இடம். அங்கேயே வெகுநேரம் நின்றது. ஜன்னல் வழியாக ஸ்டோர் அறையைப் பார்த்தார். எட்டு மாதம் அந்த ஸ்டோர்காரரிடம் பொருள் வாங்கிய மனிதர். பார்வையைத் திருப்பித் தாளில் வைத்தார். சின்னதாக ஒரு கடிகாரம் வரைந்தார். மணி அடிக்கப் போகும்போது விடையை எழுதினார்.

அங்கேயே திருத்தினேன். குவோ எழுதியது: பத்து இருபது.

இன்னும் இரண்டு பேரும் அதையே எழுதியிருந்தார்கள். மீதி மூன்று பேர் தப்பு. லின் 'பதினொன்று பத்து' என்று எழுதி, காரணமும் எழுதியிருந்தார். இந்த ஊரில் பத்து நிமிடம் என்பது சராசரியாக ஒரு மணி நேரம். ஸ்டோர்காரர் சொன்னபடியே, அதாவது ஒரு மணி நேரத்தில், தந்திருக்கிறார். ஆதாரம், தன் எட்டு மாதக் குறிப்பேடு. ஊர் வழக்கப்படிதான் விடை எழுத வேண்டும் என்று நேற்று லின் கொடுத்த பயிற்சியை நம்பி இன்னும் இரண்டு பேர் கெட்டிருந்தார்கள்.

"தாளில் மட்டும் இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேனே," என்றேன்.

"அதனால்தான் சந்தேகப்பட்டேன்," என்றார் லின். "நீங்கள் போதும் என்றாலே போதாது என்றுதானே அர்த்தம்?"

அவருக்குத் தொண்ணூற்றேழு அப்படியே நின்றது. அந்த இரண்டு பேரும் எழுபதுக்கு மேலேயே இருந்ததால் அவர்களுக்கும் ஆபத்தில்லை.

குவோவிடம் நானே போய்ச் சொன்னேன். "அறுபது சார்."

அவர் அறுபது என்று தன் நோட்டில் எழுதிக் காட்டி, இதுதானா என்று கேட்டார். இதுதான் என்றேன். தேர்ச்சிக்கும் அறுபதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மறந்துவிட்டார். லின் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

"அம்புட்டுப் பேரும் பாஸு!" என்று சிவபாண்டி அண்ணன் கதவருகிலிருந்து கத்தினார். அதற்குள் குவோ கேன்டீனில் இல்லை. தேடிப் போனபோது இயந்திரத்தின் முன்னால் நின்று, வெறும் தகட்டின் மேல் பென்சிலால் தன் பெயரை எழுதி, இடம் போதுமா என்று அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டைக் கையால் அழித்தார்.

பேருந்தில் வரும்போது இந்த அறுபது என் தவறால் வந்ததா, அவர் உழைப்பால் வந்ததா என்று யோசித்தேன். முதல் தாளிலேயே நான் விடைக்குறிப்பை ஒழுங்காக எழுதியிருந்தால் அவருக்கு இரண்டாவது வாய்ப்பே வந்திருக்காது. மேலூர் தாண்டும் வரை அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பிறகு விட்டுவிட்டேன். பத்து இருபது என்று எழுதியது அவர்தான்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஆறரைக்கு சாய்ராம் சார் வீட்டுக்குப் போய் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழரை மணி பேருந்தைப் பிடித்து, பட்டியலையும் ஆறு விடைத்தாள்களையும் திருத்திய விடைக்குறிப்பையும் பத்து மணிக்குள் சிவபாண்டி அண்ணனிடம் கொடுக்க வேண்டும்.